லிஸ்ட்ல பேர் இருக்கா? சுனாமிக்கு அப்புறம் நாகப்பட்டினம் எழுந்த கதை

2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கிழமை. சுமத்ரா பக்கம் நம்ம நேரத்துக்குக் காலைல ஆறரை மணி வாக்குல பூமி அதிர்ந்துச்சு, ரெண்டு ரெண்டரை மணி நேரத்துல அலை நாகப்பட்டினம் கரைக்கு வந்துடுச்சு. தமிழ்நாட்டுல செத்தவங்க கிட்டத்தட்ட 8,000 பேர், அதுல அரசு கணக்குப்படி 6,065 பேர் நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும். அப்போ மயிலாடுதுறை தனி மாவட்டமா பிரியல, அதனால தரங்கம்பாடி, பூம்புகார், பழையாறு எல்லாம் இந்தக் கணக்குக்குள்ளதான் வரும். செத்தவங்கள்ல பொம்பளைங்களும் பிள்ளைங்களும் ரொம்ப அதிகம், ஏன்னா ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூடம் லீவு, பிள்ளைங்க மணல்ல விளையாடிட்டு இருந்துச்சுங்க, மீன் வாங்கி விக்கிற பொம்பளைங்க கரைல நின்னாங்க. வேளாங்கண்ணில கிறிஸ்துமஸுக்கு வந்த வெளியூர்க்காரங்க கூட்டம் வேற.

அலையப் பத்தி எல்லாரும் நிறைய எழுதிட்டாங்க. நான் எழுத வந்தது அதுக்கு அப்புறம் நடந்தத. ஒரே அலை அடிச்ச ஒரே கரைல சில குடும்பம் ஒரு வருஷத்துல எழுந்து நின்னுச்சு, சில குடும்பம் பத்து வருஷம் கழிச்சும் எழுந்திருக்கல. எதனாலன்னு பாத்தா அலையோட உயரத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் கம்மி. எங்க போய்த் தேடினாலும் கடைசில ஒரு லிஸ்ட்டுலதான் போய் முட்டுது. யார் பாதிக்கப்பட்டவங்கன்னு ஒருத்தர் உக்காந்து எழுதுறாரே, அந்த லிஸ்ட். அத யார் எழுதினாங்க, எந்தக் கணக்க வச்சு எழுதினாங்கங்கறதுலதான் ஊர் வழக்கமும் அரசியலும் காசும் ஒண்ணா கலந்து நிக்குது.

முதல் வாரம்

அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், நம்பியார் நகர் இந்த மூணு இடமும் நாகை டவுன ஒட்டியே இருக்கு. விசைப்படகெல்லாம் கரைக்கு மேல ஏறி வந்து ஒண்ணு மேல ஒண்ணா கெடந்துச்சு, வீடு மேல மோதினதும் உண்டு. நாகூர்லயும் பரங்கிப்பேட்டைலயும் முஸ்லிம் மக்கள் ஜமாத் மூலமா இறங்கி உடல் எடுத்தாங்க, அடக்கம் பண்ண உதவுனாங்க, சமைச்சுப் போட்டாங்க. யார் சாமி எதுன்னு யாரும் கேக்கல. அந்த நாளெல்லாம் நெனச்சா இப்பவும் தொண்டை அடைக்குது.

அதே வாரத்துல வேற ஊர் நகராட்சிகள்லேர்ந்து துப்புரவுத் தொழிலாளர்கள கொண்டு வந்து எறக்குனாங்க. பெரும்பாலும் அருந்ததியர் வீட்டு ஆளுங்க. அழுகிப்போன உடல கையால எடுத்தாங்க, பல பேருக்குச் சரியான கையுறை கூட இல்ல. ஒரு மாவட்டத்தையே தொத்து நோய் வராமக் காப்பாத்துனது இவங்கதான், ஆனா நிவாரணம், மறுவாழ்வுன்னு பேச்சு ஆரம்பிச்சப்ப இவங்க பேர் எந்த லிஸ்ட்டுலயும் வரல, வேலைய முடிச்சுட்டு ஊருக்குப் போயிட்டாங்க. இவங்கள விட்டுட்டு இந்தக் கதைய எழுத எனக்கு மனசு வராது.

இன்னொண்ணும் அந்த வாரத்துலயே நடந்துச்சு. தமிழ்நாடு முழுக்க இருந்து லாரி லாரியா பழைய துணி வந்து எறங்குச்சு. அனுப்புனவங்க நல்ல மனசோடதான் அனுப்புனாங்க. ஆனா கரைல இருந்த சனங்க அத எடுக்கல, ரோட்டோரமா குவிஞ்சு கெடந்து மழைல நனைஞ்சு மக்கிப்போச்சு. அத சில பேர் திமிருன்னு பேசினாங்க. நேத்து வரைக்கும் சொந்தப் படகு வச்சு நாலு பேருக்குப் பங்கு குடுத்த குடும்பம் அது. எல்லாம் போன அன்னைக்கு மிச்சம் இருந்தது மானம் ஒண்ணுதான், அடுத்தவங்க உடுத்திக் கழிச்ச துணிய அன்னைக்குப் போய்க் கட்டிக்கச் சொன்னா எப்படி? உதவி பண்றவங்க மொதல்ல ஊரப் புரிஞ்சுக்கணும்னு அந்தத் துணிக் குவியலே சொல்லிடுச்சு.

அரசாங்கமும் வேகமாத்தான் இயங்குச்சு, இத மறைக்கக் கூடாது. தஞ்சாவூர் கலெக்டரா இருந்த ஜெ. ராதாகிருஷ்ணன நாகைக்கு மாத்துனாங்க, அதே வருஷம் ஜூலைல 94 பிள்ளைங்க செத்த கும்பகோணம் பள்ளித் தீவிபத்த கையாண்டவர் அவர். நூத்துக்கணக்குல என்ஜிஓ வந்து குவிஞ்சப்ப, யார் எந்த ஊர்ல என்ன பண்றாங்கன்னு ஒரே எடத்துல தெரியணும்னு சொல்லி, சினேகா மாதிரி உள்ளூர் அமைப்பும் தென்னிந்திய மீனவர் சங்கங்களோட கூட்டமைப்பும் சேந்து கலெக்டர் ஆபீஸோட கைகோத்து ஒரு ஒருங்கிணைப்பு மையம் ஆரம்பிச்சாங்க. இப்போ யாராவது பேரிடர்ல என்ஜிஓ ஒருங்கிணைப்புன்னு பேசினா நாகைய உதாரணம் காட்றாங்கன்னா அதுக்கு இதுதான் காரணம்.

தலைக்கட்டு கணக்கு

நாகை கரைல பெரும்பாலும் பட்டினவர் சமூகம். ஒவ்வொரு மீனவ கிராமத்துக்கும் ஊர் பஞ்சாயத்து இருக்கு, நாட்டார், பஞ்சாயத்தார்னு சொல்லுவாங்க. ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்குற அரசாங்கப் பஞ்சாயத்து வேற, இது வேற. எந்த வலைய எந்த நேரத்துல போடலாம், சண்டை வந்தா யாருக்கு அபராதம், கோயில் திருவிழாவுக்கு வரி எவ்ளோ, எல்லாம் இங்கதான் முடிவாகும். தரங்கம்பாடி மாதிரி ஊர்கள் தலைமை கிராமம், ஒரு ஊருக்கு மேல பிரச்சனை போச்சுன்னா அங்க போய்ப் பேசுவாங்க. கணக்கு எல்லாமே தலைக்கட்டுதான், கல்யாணம் ஆன ஆம்பளை ஒரு தலைக்கட்டு, அவர் வரி குடுப்பார், ஊர்க்கூட்டத்துல உக்காருவார், ஊருக்கு எது வந்தாலும் அவருக்கு ஒரு பங்கு உண்டு.

சுனாமி வந்த மறுநாள் இந்த அமைப்பு எவ்ளோ பெரிய பலமா இருந்துச்சுன்னு சொல்லி மாளாது. எந்த வீட்டுல எத்தனை பேர், யார் செத்தா, யார காணோம், யாருக்கு என்ன படகு, என்ன வலை, எல்லாம் பஞ்சாயத்தார் கைல இருந்துச்சு. தாசில்தார் ஆபீஸ்ல அந்தக் கணக்கு கெடையாது. லாரில வந்த அரிசியும் பாத்திரமும் நேரா பஞ்சாயத்துக்குப் போகும், அங்க ஒண்ணா சேத்து வச்சு தலைக்கட்டுக்கு இவ்ளோன்னு சமமாப் பிரிப்பாங்க, ஒரு வீட்டுக்கு ரெண்டு பங்கு போகாது, அடிதடி கம்மி. வந்த என்ஜிஓவுக்கும் இது ரொம்ப வசதி, ஒரு எடத்துல பேசினா ஊரே பேசின மாதிரி. அமெரிக்க ஆய்வாளர் டேனியல் ஆல்ட்ரிச் இந்தக் கரைய ஆராய்ச்சி பண்ணிட்டு சொன்னதும் இதுதான், உள்ளுக்குள்ள கட்டுப்பாடும் வெளில தொடர்பும் இருந்த ஊருக்கு உதவி அதிகமா வந்து சேந்துச்சு, அதே கட்டுப்பாடு வெளி ஆள வெளிலயே நிறுத்தவும் செஞ்சுச்சு. கன்னியாகுமரிப் பக்கம் இதே வேலைய பங்குக்கோயில் பாத்துச்சு. முக்குவர்ங்கற கத்தோலிக்க மீனவர் ஊர்கள்ல பாதிரியாரும் பங்குப் பேரவையும் தான் லிஸ்ட் எழுதுனாங்க, அங்கயும் சாதக பாதகம் ஏறக்குறைய இதேதான்.

ஆல்ட்ரிச் சொன்னதோட ரெண்டாவது பாதிய இப்போ பாப்போம். தலைக்கட்டுன்னா கல்யாணம் ஆன ஆம்பளைன்னு சொன்னேன்ல, அப்போ புருஷன பறிகொடுத்த பொம்பளை யாரு? பல ஊர்கள்ல விதவைங்க, தனியா வாழுற பொம்பளைங்க, புருஷன் விட்டுட்டுப் போனவங்க இந்தக் கணக்குல முழுசா வரவே இல்ல. பங்கு கெடைக்கல, இல்லன்னா மாமனார் பேர்லயோ கொழுந்தன் பேர்லயோ போச்சு. செத்தவங்க குடும்பத்துக்கு மாநில அரசு 1 லட்சம், பிரதமர் நிதிலேர்ந்து 1 லட்சம் குடுத்தாங்க, அந்தக் காசுக்குப் பொறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவுல சண்டை வந்த குடும்பங்கள் உண்டு. ஊர்க்கூட்டத்துல பொம்பளை உக்காந்து எனக்குப் பங்கு இல்லையான்னு கேக்குற வழக்கமே கெடையாது, அந்தக் கேள்வியக் கேக்க எத்தனை பேருக்குத் தைரியம் வந்திருக்கும்?

அப்புறம் தலித் குடியிருப்பு. கரைலேர்ந்து கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கும், உப்பனாத்துல நண்டு எறா பிடிக்கிறவங்க, மீன் சுமக்குறவங்க, வயல் வேலைக்குப் போறவங்க. சுனாமின்னா மீனவர் பாதிப்புன்னே எல்லார் மனசுலயும் பதிஞ்சு போச்சு, லாரி நேரா குப்பத்துக்குப் போயிடும். சில முகாம்கள்ல தலித் குடும்பங்கள உள்ள சேக்கல, தண்ணி பிடிக்க விடல, பிரிச்சு வச்சாங்கன்னு மனித உரிமை அமைப்புகள் அப்பவே பதிவு பண்ணிருக்காங்க. மீனவர்களும் எல்லாத்தையும் இழந்தவங்கதான், அவங்க வேதனை ஒரு துளி கூடக் கொறஞ்சது இல்ல, இருந்தாலும் நடந்தத நடந்ததா சொல்லணும். இருளர் பழங்குடி நிலைமை இன்னும் மோசம். சாதிச் சான்றிதழ் இல்ல, பல பேருக்கு ரேஷன் கார்டு இல்ல, வாக்காளர் பட்டியல்ல பேர் இல்ல. கார்டு இல்லாதவன் அரசாங்க லிஸ்ட்ல இல்ல, பட்டினவர் இல்லாதவன் ஊர் லிஸ்ட்ல இல்ல, அப்போ அவன் வலைய கடல் கொண்டு போனது எந்தக் கணக்குல எழுதுறது?

200 மீட்டர்

2005 மார்ச் 30 அன்னைக்கு வந்த அரசாணை 172 இந்தக் கரையோட முகத்தையே மாத்திடுச்சு. கடல்லேர்ந்து 200 மீட்டருக்குள்ள வீடு இருந்தா, உள்ள தள்ளிப் போக சம்மதிச்சா புது கான்கிரீட் வீடு கெடைக்கும், ஏறக்குறைய 300 லேர்ந்து 325 சதுர அடி, மதிப்பு ஒன்றரை லட்சம். ஆனா பழைய மனைய அரசாங்கத்துக்கு விட்டுக் குடுத்துடணும். போக மாட்டேன்னா அங்கேயே இருந்துக்கலாம், ரிப்பேர் பாத்துக்கலாம், உதவி மட்டும் ஒரு பைசா கெடைக்காது. காகிதத்துல பாத்தா இது விருப்பம், யாரையும் கட்டாயப்படுத்தல. வீட்ட இழந்து தார் ஷீட் கொட்டகைல உக்காந்திருக்கிற குடும்பத்துக்கு அது விருப்பமா? கடலோரத்துல கட்டடம் கட்டக் கட்டுப்பாடு போடுற கடலோர மண்டல விதி 1991லேர்ந்தே இருக்கு, மீனவர் குடியிருப்ப அதுல யாரும் பெருசா கண்டுக்கல, சுனாமிக்கு அப்புறம் திடீர்னு அந்தக் கோடு உயிர் பெத்துடுச்சு. நாங்க காலி பண்ணின எடத்துல நாளைக்கு ரிசார்ட் வரும்னு மீனவர்கள் பயந்தாங்க, தலைமுறை தலைமுறையா இருந்த கரைக்குப் பட்டா இல்லாதவன் அப்படித்தான் பயப்படுவான்.

கடலப் பாக்காம தொழில் பண்ண முடியாதுன்னு மீனவங்க சொல்றது வெறும் ஆசை கெடையாது, அது தொழில் அறிவு. அலையோட நெறம், காத்து எந்தப் பக்கம், பறவை எங்க எறங்குது, கரை மடிக்கு மீன் வந்திருக்கா, இதெல்லாம் வீட்டு வாசல்லேர்ந்து பாத்து முடிவு பண்ற விஷயம். படகு, எஞ்சின், வலைய ராத்திரி யார் காவல் காக்குறது? செல்லூர், பாப்பாகோவில் மாதிரி எடங்கள்ல குடியிருப்பு வந்துச்சு, தாழ்வான வயல் பகுதி, மழை பேஞ்சா தண்ணி நிக்கும். அதுக்கு முன்னாடி தற்காலிகக் கொட்டகைல இருந்த கொடுமை வேற, தார் ஷீட் கூரை வெயில்ல கொதிக்கும், 2005 வடகிழக்குப் பருவமழைல அந்தக் கொட்டகைகளுக்குள்ள தண்ணி பூந்து சனங்க மறுபடி ஓட வேண்டியதாச்சு. ஒரு தடவ தண்ணிகிட்ட பிள்ளைய குடுத்தவங்கள மறுபடி ராத்திரில தண்ணி எழுப்பினா எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க.

வீட்டப் பத்தி இன்னும் சொல்லணும். பழைய வீடு ஓலையோ ஓடோ, திண்ணை இருக்கும், முருங்கை, பூவரசு, தென்னைன்னு வாசல்ல மரம் இருக்கும், பகல்ல சனம் முழுக்க அந்த நிழல்லதான், வலை பின்றது, பிள்ளைக்குப் பேன் பாக்கறது, பஞ்சாயத்து பேசறது எல்லாம் அங்கதான். புது வீடு வரிசையா நிக்கிற கான்கிரீட் பொட்டி. சில ஊர்கள்ல உடையாத நல்ல வீட்டையும் இடிச்சு, மரத்தையும் வெட்டிட்டு, எடத்த சமம் பண்ணி புது வீடு கட்டினாங்க, ஏன்னா வேலைய எடுத்த அமைப்புக்கும் கான்ட்ராக்டருக்கும் காலி மனைதான் வசதி. குஜராத்ல 2001 பூகம்பத்துக்கு அப்புறம் பெரும்பாலும் காச தவணையா மக்கள் கைலயே குடுத்து, இன்ஜினியர் மேற்பார்வைல அவங்களையே கட்டிக்க விட்டாங்க. இங்க தனியார் அமைப்புகளோட கூட்டுன்னு கொள்கை வச்சு என்ஜிஓக்களுக்கு ஊர் ஊரா பிரிச்சுக் குடுத்துட்டாங்க, உலக வங்கிக் கடனும் ஆசிய வளர்ச்சி வங்கிப் பணமும் வேற வந்துச்சு. மீனவனுக்கு வீடு கட்டத் தெரியாதுன்னு யார் முடிவு பண்ணினாங்களோ. இப்போ பல சுனாமி குடியிருப்புகள்ல கூரை பெயர்ந்து கம்பி தெரியுது, உப்புக் காத்துல கான்கிரீட்ட பராமரிக்க ஆகுற செலவ அன்னைக்கு யாரும் கணக்குல சேக்கல.

அதுல ஒரு நல்லதும் நடந்துச்சு. புது வீட்டோட உரிமை புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் பேர்லயும்னு அரசாங்கம் வச்சுச்சு. ஊர் பஞ்சாயத்துக் கணக்குல ஒருநாளும் தலைக்கட்டா இல்லாத பொம்பளைக்கு அரசாங்கம் குடுத்த வீட்டுக் காகிதத்துல பேர் வந்துச்சு. எனக்குத் தெரிஞ்சு இந்த மொத்த மறுசீரமைப்புலயே ரொம்ப நாள் நெலச்சு நிக்கப் போற காரியம் இந்த ஒரு வரிதான்.

படகு கூடிப்போச்சு

காசு எப்படி ஊர மாத்தும்னு பாக்கணும்னா படகு கதையப் பாத்தா போதும். உலகம் முழுக்க டிவில பாத்தது ஒடஞ்ச படகு, அதனால எல்லா என்ஜிஓவுக்கும் படகு குடுக்கணும்னு ஆசை. ஃபைபர் படகு குடுத்தா போட்டோ எடுக்கலாம், பக்கத்துல பேர் எழுதலாம், கணக்கு காட்டலாம். நெறைய பேர் ஏற்கனவே கட்டுமரத்த விட்டு ஃபைபருக்கு மாறிட்டு இருந்த நேரம்தான் அது, சுனாமிக்கு அப்புறம் அந்த மாற்றம் இன்னும் வேகமாச்சு. அவசரமா மொளச்ச பட்டறைகள்ல செஞ்ச படகு பலதுல தரம் சரியில்ல, கொஞ்ச நாள்லயே விரிசல் விட்டுச்சு.

பஞ்சாயத்துல பங்கு சமம்னு சொன்னேன்ல, அந்த வழக்கம் இங்க வேற மாதிரி வேல செஞ்சுச்சு. படகு வச்சிருந்தவனுக்கு மட்டும் குடுத்தா கூலியாளா போனவனுக்கு ஒண்ணும் இல்லைனு ஆகும், அதனால கூலியாளுக்கும் படகு, இல்லன்னா நாலஞ்சு பேருக்குச் சேந்து ஒரு படகுன்னு கேட்டு வாங்குனாங்க. நியாயம்னு பாத்தா நியாயம்தான், காலம் முழுக்க அடுத்தவன் படகுல போனவன் ஒரு தடவையாச்சும் ஓனரா ஆனான். ஆனா எல்லாரும் ஓனர் ஆயிட்டா தொழிலுக்கு ஆள் எங்க? ஆள் பத்தாம படகு கரைல கெடந்துச்சு, எஞ்சினுக்கு எண்ணெய்ச் செலவு, ரிப்பேர் செலவு, அதுக்கு வியாபாரிகிட்ட முன்பணம், முன்பணம் வாங்குனா மீன் அவருக்கேதான் போகணும், அவர் சொன்ன வெலதான். படகு இலவசம், அத ஓட்டுறதுக்குக் கடன். கடல்ல மீன் கூடல, படகு மட்டும் கூடுச்சு. அடுத்தடுத்த வருஷங்கள்ல மீன் கூட்டத்தையே சுத்தி வளைச்சு அள்ளுற சுருக்குமடி வலையால வந்த சண்டை இந்தக் கரைல எவ்ளோ பெருசாச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். தமிழ்நாட்டுல 2000லேயே தடை பண்ணின வலை அது, 2023ல சுப்ரீம் கோர்ட் 12 கடல் மைலுக்கு அப்பால வாரத்துல ரெண்டு நாள்னு இடைக்காலமா அனுமதி குடுக்குற அளவுக்குப் போச்சு. சுனாமிப் படகு மட்டும்தான் காரணம்னு சொல்ல மாட்டேன், ஒரே கடலுக்குள்ள அவ்ளோ முதலீட்ட ஒரே நேரத்துல எறக்குனா சண்டை வரும்னு அன்னைக்கே யோசிச்சிருக்கணும்.

விசைப்படகுக்காரங்க நெலமை தனி. அவங்க இழப்பு லட்சக்கணக்குல, பெரும்பாலும் இன்சூரன்ஸ் கெடையாது, அரசாங்கம் குடுத்தது ஒரு பகுதி மானியம்தான். ஆனா அவங்களுக்குக் கடன் குடுக்க ஆள் இருந்துச்சு, அரசியல் பேச சங்கம் இருந்துச்சு, அதனால எழுந்துட்டாங்க.

படகு வந்தாலும் மீன் விக்கல, அது இன்னொரு சோகம். கடல்ல உடல் போயிருக்கு, மீன் அத தின்னிருக்கும்னு ஒரு பேச்சு பரவி, கொஞ்ச காலம் தமிழ்நாடு கேரளா முழுக்க சனங்க மீன் வாங்கறதையே கொறச்சுட்டாங்க. மொத அடி விழுந்தது கூடைக்காரப் பொம்பளைங்க மேல. கரைல ஏலத்துல மீன் எடுத்து, கூடைல வச்சு தெருத் தெருவா விக்கிறவங்க, இந்தக் கரையோட பாதிக் குடும்பம் இவங்க உழைப்புல ஓடுது. இவங்க இழந்தது ஒரு அலுமினியப் பாத்திரம், ஒரு கூடை, ஒரு தராசு, கைல இருந்த ரெண்டாயிரம் மூவாயிரம் முதல். படகு மாதிரி இத டிவில காட்ட முடியாது, சேத லிஸ்ட்ல இதுக்குத் தனி கட்டம் கெடையாது. வீடு உள்ள தள்ளிப் போனதும் விடியக்காலைல கரைக்கு வர ஆட்டோ காசு, மீன் கூடையோட பஸ்ல ஏத்த மாட்டேங்குறாங்க, அதுலயே லாபத்துல பாதி போச்சு. சுய உதவிக் குழு மூலமா கடன் வந்துச்சு, அது சில பேருக்கு உண்மையாவே கை கொடுத்துச்சு, சில பேருக்கு வாராவாரம் கட்ட வேண்டிய இன்னொரு சொமையா ஆச்சு.

வயல்

டிசம்பர் கடைசி, சம்பா தாளடி வயல்ல நிக்குற நேரம். கடல் தண்ணி உள்ள பூந்து சேறும் உப்பும் படிஞ்சு பயிர் கருகிப்போச்சு. நிவாரணம் வேணும்னா அடங்கல்ல, அதாவது எந்த நிலத்துல யார் என்ன பயிர் வச்சிருக்காங்கன்னு எழுதுற கிராமக் கணக்குல, பேர் வேணும், விஏஓ எழுதணும். நாகைப் பக்கம் கோயில் நிலம், மடத்து நிலம், வாய்மொழிக் குத்தகை எவ்ளோன்னு டெல்டாக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, உழுதவன் ஒருத்தன், காகிதத்துல இருக்கறவன் வேற ஒருத்தன். விவசாயக் கூலிக்கோ எந்தக் காகிதமும் கெடையாது, அறுப்பு போச்சுன்னா அந்த வருஷக் கூலி போச்சு, நெல்லு போச்சு. வேதாரண்யம் உப்பளத் தொழிலாளிக்கும் இதே கதை.

ஆனா வயல் மீண்ட விதம் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. பல வருஷத்துக்கு மண்ணு தேறாதுன்னு பேசினாங்க. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரும் அவரோட சேந்த விவசாயிகளும் ஊர் ஊரா வந்து, வாய்க்கா வெட்டி மழைத் தண்ணில உப்ப வடிச்சு, தக்கைப்பூண்டுங்கற பசுந்தாள் உரச் செடிய வெதச்சு பூக்கற நேரத்துல மடக்கி உழுது, உவர்ப்பு தாங்குற குழியடிச்சான் மாதிரி நாட்டு நெல்லப் போட்டுப் பாக்கச் சொன்னாங்க. அரசு வேளாண் துறை ஜிப்சம் போட்டு மழைத் தண்ணிய தேக்கி வடிய விடச் சொன்னுச்சு. 2005 மழை நல்லா பேஞ்சது கொட்டகைல இருந்தவங்களுக்குத் துன்பம், இந்த வயலுக்கு மருந்து. ஒண்ணு ரெண்டு வருஷத்துல பல வயல் மறுபடி வெளைஞ்சுச்சு. தாத்தா காலத்து நெல்லோட பேர் ஞாபகம் இருந்தது அன்னைக்குக் கை குடுத்துச்சு. நாகைக்குத் தெக்க இருக்கிற தெற்குப் பொய்கைநல்லூர்ல மணல்மேட்ட சனங்க காலம் காலமா காப்பாத்தி வச்சிருந்தாங்க, அலை அந்த மேட்டுல மோதி நின்னதால பின்னாடி இருந்த ஊர் தப்பிச்சுச்சு.

வீட்டுக்குள்ள

பிள்ளைங்கள மொத்தமா பறிகொடுத்த அம்மாக்கள்ல நிறைய பேர் ஏற்கனவே கருத்தடை ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க. அரசாங்கமே 25,000 ரூபா குடுத்து மறுபடி கரு தங்குறதுக்கான ஆபரேஷனுக்கு ஏற்பாடு பண்ணுச்சு. அதுல மறுபடி பிள்ளை பெத்தவங்க இருக்காங்க, அந்தப் பிள்ளைங்க இப்போ வாலிபப் பருவத்துல நிக்குதுங்க. பிள்ளை தங்காதவங்களும் இருக்காங்க, ஊரு மறுபடி மறுபடி விசேஷம் உண்டான்னு கேட்டே அவங்கள வாட்டுச்சு. பொண்டாட்டிய இழந்த ஆம்பளைக்குச் சீக்கிரம் மறு கல்யாணம், சில எடத்துல ரொம்ப சின்னப் பொண்ணுங்கள கட்டி வச்சாங்க, புருஷன இழந்த பொம்பளை அப்படியே இருந்தா. பெத்தவங்க ரெண்டு பேரும் போன பிள்ளைங்களுக்கு அரசாங்கம் 5 லட்சம் டெபாசிட் போட்டு, காப்பகம் திறந்துச்சு, வெளி ஆளுங்க வந்து பிள்ளைங்கள தூக்கிட்டுப் போயிடக் கூடாதுன்னு கண்டிப்பா நின்னுச்சு, அது ரொம்ப சரியான முடிவு.

கடலுக்கு அந்தப் பக்கம் பாத்தா அரசியலோட கனம் இன்னும் தெளிவாத் தெரியும். இலங்கைல அரசாங்கமும் புலிகளும் சேந்து நிவாரணத்த பகிர்றதுக்கு 2005 ஜூன்ல ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, அடுத்த மாசமே உச்ச நீதிமன்றம் அதோட முக்கியமான பகுதிகளுக்குத் தடை போட்டுச்சு. அங்க கடலோரத்துல வீடு கட்டத் தடை போட்ட தூரம் கூட தெக்கயும் மேக்கயும் 100 மீட்டர், வடக்கயும் கிழக்கயும் 200 மீட்டர், ஒரே அலைக்கு ரெண்டு அளவுகோல். அதே வருஷம் ஆகஸ்ட் 15 அன்னைக்கு இந்தோனேசியாவோட ஆச்சே மாகாணத்துல முப்பது வருஷ சண்டைய ஹெல்சின்கி ஒப்பந்தத்துல முடிச்சுக்கிட்டாங்க. ஒரு எடத்துல அலை சண்டைய நிறுத்துச்சு, இன்னொரு எடத்துல நிறுத்தல. முல்லைத்தீவுல சுனாமிக்கு அப்புறம் கட்டினதும் சில வருஷத்துல போர்ல போச்சு.

நாகைல இப்பவும் ஒவ்வொரு டிசம்பர் 26க்கும் கடலுக்குப் போக மாட்டாங்க. ஊர்வலமா வந்து கரைல பால் ஊத்தி பூப்போட்டு அழுதுட்டுப் போவாங்க. கொட்டகைல ஓடி விளையாண்ட பிள்ளைங்க இப்போ கல்யாணம் ஆகி அவங்களே தலைக்கட்டு ஆயிட்டாங்க, ஊர் பஞ்சாயத்துல அவங்க பேர்ல வரி வாங்கறாங்க. அரசாங்கக் கணக்குல அந்தக் குடும்பத்துக்கு 2005ல குடுத்த அதே முந்நூத்திச் சொச்சம் சதுர அடிதான், அதுக்குள்ள அப்பா அம்மா, மூத்தவன் குடும்பம், எளையவன் குடும்பம். எளையவன் மறுபடி கடலோரமா, காலி பண்ணிக் குடுத்த பழைய மனைக்குப் பக்கத்துலயே ஒரு ஓலைக் கொட்டகை போட்டு வலைய வச்சிருக்கான், பல ராத்திரி அங்கயே படுத்துக்கறான்.